கைப்பேசியும் நம் கண்மணிகளும்



ஆண்டுதோறும் இப்பள்ளி இதழுக்கு எழுத அமரும்போது, தேர்வு, விளையாட்டு, வருகை, கட்டட நிதி ஆகியவற்றைப் பற்றிச் சில சொற்கள் கூறி, நன்றி நவின்று முடிப்பது எமது வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, இல்லந்தோறும் நம் பிள்ளைகளின் கைகளில் ஒளிர்கின்ற ஒரு சிறு பொருளைப் பற்றி எழுத விழைகின்றோம். கைப்பேசியே அப்பொருள். அதன் வழியே நம் செல்வங்கள் உலவி வருகின்ற இணைய உலகில் அவர்களை எவ்வாறு காப்பது என்பதே யாம் எடுத்துக்கொண்ட கருத்து. "எங்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதே, பிள்ளைகளுக்குத்தானே எல்லாம் தெரிகிறது" என்று கூறி ஒதுங்கி நிற்கும் பெற்றோர்க்காகவே இதனைச் சிறப்பாக எழுதுகின்றோம்.

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தோர் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். கித்தா மரங்கள் நிறைந்திருந்த அந்நாளில், விடியற்காலைப் பிரட்டு முடிந்து பெற்றோர் பால்வெட்டச் சென்றுவிட்டால், கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும். சற்று வளர்ந்த பிள்ளைகள் வீட்டு வரிசைகளுக்கிடையே ஓடி விளையாடும். அப்பிள்ளைகளைக் காக்க வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. ஆயினும் புதியவர் ஒருவர் தோட்டத்திற்குள் காலெடுத்து வைத்தால், அஞ்சடியில் அமர்ந்து வெற்றிலை மெல்லும் மூதாட்டி, "யாருப்பா நீ? யாரு வீட்டுக்கு வந்திருக்கே?" என்று வினவாமல் விடமாட்டார். தக்க மறுமொழி கூறாதவர் இரண்டாம் வரிசையைத் தாண்ட இயலாது. ஒரே ஒரு வினா. அதனைக் கேட்க ஊரே துணிந்திருந்தது. அதுவே அந்நாளைய காவல்.

இன்று கித்தா மரங்கள் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கின்றது. குடும்பங்கள் பல தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. தந்தையர் லாரி ஓட்டுகின்றனர். தாய்மார் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இரவு வேலைக்குச் செல்கின்றனர். வாயிலில் இரும்புக் கதவு உண்டு. சன்னலுக்குக் கம்பியும் உண்டு. ஆனால், புதியவர் இப்போது வாயில் வழியாக வருவதில்லை. பிள்ளை படுக்கையில் போர்வைக்குள் வைத்திருக்கும் கைப்பேசியின் வழியாக வருகின்றார். "யாருப்பா நீ?" என்று கேட்பதற்கு அங்கே எந்தப் பாட்டியும் இல்லை.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை நினைவுகூர்தல் நன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. புலனம் என்று நாம் வழங்கும் வாட்சாப் வழியாகவும் கூகள் மீட் வழியாகவும் பாடங்கள் நடந்தன. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய இல்லங்களையும், அலைவரிசை கிட்டும் மேட்டுநிலம் தேடிப் புத்தகப்பையுடன் நடந்த பிள்ளைகளையும் நாம் கண்டோம். தீபாவளிக்குத் துணி எடுக்கச் சேர்த்த பணத்தில் பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தந்த தந்தையரும் உண்டு. கல்வியின்பால் நம் மக்கள் கொண்ட பற்றுக்கு அஃதொரு சான்று. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பினர். கைப்பேசி மட்டும் அவர்கள் கையைவிட்டு அகலவில்லை.

கைப்பேசி தீயது என்று கூறுவதற்காக யாம் இதனை எழுதவில்லை. கதை கேட்பதற்கும், கணிதத்தில் ஐயம் தெளிவதற்கும், வெளியூரிலுள்ள மாமன் முகம் காண்பதற்கும் அது பயன்படுகின்றது. நூலகமும் நகரமும் தொலைவிலுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு அஃதொரு பெரிய வாயில். வாயில் என்றால் வெளியே செல்லவும் வழி உண்டு. உள்ளே வரவும் வழி உண்டு என்பதை மட்டும் நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

நம் பள்ளி மாணவர்கள் 7 வயது முதல் 12 வயது வரையினர். டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் 13 வயது நிரம்பாதோர் கணக்குத் திறத்தல் கூடாது என்பது அந்நிறுவனங்களே வகுத்துள்ள விதியாகும். அவ்வாறாயின் ஆறாம் ஆண்டு முடியும் வரை நம் மாணவர் எவர்க்கும் அங்கே கணக்கு இருத்தலாகாது. ஆயினும் வகுப்பில் வினவினால் உயரும் கைகள் பல. பிறந்த ஆண்டை மாற்றி எழுதினால் போதும், கதவு திறந்துவிடுகின்றது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையே நமக்கு விளக்குகின்றது. அவ்வாறு நுழைந்த பிள்ளையை, எதிரில் இருப்போரும் பெரிய பிள்ளை என்றே கருதுவர். அல்லது உண்மையறிந்தும் அறியாதார்போல் பழகுவர்.

2022ஆம் ஆண்டில், யுனிசெஃப் எனும் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமும், அனைத்துலகக் காவல் அமைப்பான இண்டர்போலும், எக்பாட் என்ற அமைப்பும் இணைந்து நம் நாட்டைப் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றனை வெளியிட்டன. இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயது வரையிலான சிறுவருள் குறைந்தது 4 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய ஓராண்டிற்குள் இணைய வழியாகப் பாலியல் சுரண்டலுக்கோ கொடுமைக்கோ ஆளாயினர் என்பது அவ்வறிக்கை கண்ட முடிவு. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் அஃது ஏறத்தாழ 100,000 பிள்ளைகள். "நம் பிள்ளைக்கு அப்படியெல்லாம் நேராது" என்று எண்ணிவிடலாகாது என்பதற்கே இவ்வெண்ணிக்கையை ஈண்டுக் குறித்தோம்.

தீங்கு வரும் வழியைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். முதல் நாளிலேயே எவரும் தீயவராய்த் தோன்றுவதில்லை. இணைய விளையாட்டு ஒன்றில் அறிமுகமாவர். ஆட்டத்தில் பிள்ளைக்கு உதவுவர். விளையாட்டுக்குரிய காசையோ அணிகலனையோ பரிசாக அனுப்புவர். "உன்னைப்போல் திறமைசாலி இல்லை" என்று புகழ்வர். அடுத்து, பிறர் காணாத தனி உரையாடலுக்கு அழைப்பர். "இது நமக்குள் இருக்கட்டும்" என்பர். பின்னர்ப் படம் ஒன்று கேட்பர். முதற்படம் தீங்கற்றதாய் இருக்கும். அடுத்தது அவ்வாறு இராது. பிள்ளை தயங்கினால் அன்று வரை இனித்த நாவே மிரட்டத் தொடங்கும். இவ்வாறு படிப்படியாக வலை பின்னப்படுகின்றது. அந்நியர் மட்டுமே இவ்வாறு செய்வர் என்று எண்ணுதலும் தகாது. பிள்ளை நேரில் அறிந்த ஒருவரும் இரவில் கைப்பேசி வழியே இதே வேலையைச் செய்தல் கூடும்.

எமது பணிக்காலத்தில் யாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றனை இங்கே கூறுகின்றோம். அப்பிள்ளையின் பெயரும் ஊரும் ஆண்டும் வேண்டா. ஐந்தாம் ஆண்டு மாணவி. தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளை. தாய் பயன்படுத்திப் பழையதாகிவிட்ட கைப்பேசி ஒன்று அவளிடம் இருந்தது. விளையாட்டு ஒன்றில் 'பதின்மூன்று வயது அக்கா' ஒருவர் அறிமுகமானார். பரிசுகள் வந்தன. புலனத்தில் பேச்சுத் தொடர்ந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்டபோது பிள்ளை அனுப்பிவிட்டாள். அடுத்துக் கேட்கப்பட்ட படம் எத்தகையது என்பதை எழுத எமது எழுதுகோல் ஒப்பவில்லை. பிள்ளை மறுத்தாள். உடனே வந்த மிரட்டல் யாது தெரியுமா? "நீ முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறாய் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்" என்பதே.

பெற்றோர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். முகந்தெரியாத அக்கயவனின் கையில் கத்தியில்லை, கம்பில்லை. பிள்ளை தன் தாயின்பால் கொண்ட அச்சமே அவனுக்கு ஆயுதமாயிற்று. எந்தத் தாய் அப்பிள்ளைக்கு அரணாய் நிற்க வேண்டுமோ, அந்தத் தாயின் பெயரைச் சொல்லியே அவன் பிள்ளையை அச்சுறுத்தினான்.

பதினெட்டு நாள் அப்பிள்ளை வாய் திறக்கவில்லை. கட்டுரை ஏட்டில் தலைப்பு மட்டும் எழுதி, மற்ற இடத்தை வெறுமையாய் விட்டிருந்தாள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலைக்குச் செல்லாமல் வகுப்பறையிலேயே அமர்ந்திருந்தாள். வகுப்பாசிரியை அதனைக் கவனித்து அன்புடன் வினவினார், அவரிடமும் கூறவில்லை. இறுதியில் அவள் கூறியது எவரிடம்? எழுதப் படிக்க அறியாத, கைப்பேசியில் பச்சைப் பொத்தான் எது, சிவப்புப் பொத்தான் எது என்பதைத் தவிர வேறெதுவும் அறியாத தன் பாட்டியிடம்.

மறுநாட்காலை அம்மூதாட்டி பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு எமது அலுவலகத்திற்கு வந்தார். மடியிலிருந்த கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "புள்ள ரொம்ப பயந்து போயிருக்கு சார். எனக்கு இந்தச் சனியனைப் பத்தி ஒண்ணும் தெரியாது. யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்கன்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்களும் திட்டாதீங்க" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டியதும் இல்லை.

பெற்றோரை வரவழைத்தோம். அன்றே காவல் நிலையத்தில் புகார் செய்யப்பட்டது. அனைத்தும் முடிந்து திரும்புகையில் தாய் கண்ணீருடன், "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பிள்ளை தலை குனிந்தவாறே, "ஏதாவது தப்பு நடந்தா போனை உடைச்சிடுவேன், ஸ்கூலையும் நிறுத்திடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். அத்தாயும் தீயவர் அல்லர். பிள்ளையின் நலங்கருதியே அவ்வாறு கடிந்து கூறியவர். ஆனால், எச்சரிக்கையாய்க் கூறிய சொல், பிள்ளையின் வாய்க்குப் பூட்டாயிற்று.

இந்நிகழ்ச்சி எமக்கு உணர்த்திய உண்மை ஒன்றே. பிள்ளையைக் காப்பவர் கைப்பேசி நுட்பம் அறிந்தவராய் இருத்தல் கட்டாயமன்று. பிள்ளை அஞ்சாமல் அணுகத்தக்கவராய் இருத்தலே கட்டாயம். அப்பாட்டிக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால், எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பார், பிறகுதான் பேசுவார் என்பது பேத்திக்குத் தெரிந்திருந்தது. அந்நம்பிக்கையே அப்பிள்ளையைக் காத்தது.

இனி, பெற்றோர் பொதுவாகக் கைக்கொள்ளும் வழிகள் இரண்டனை ஆராய்வோம். ஒன்று, அடியோடு தடுத்தல். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைத் துணைக்கழைத்து, கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுதல். சிறு பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி தேவையில்லை என்பதே எமது கருத்தும். ஆயினும் தடை ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. வீட்டில் இல்லையெனில் அண்டை வீட்டு அண்ணன் கையில் உண்டு. மாமன் மகன் கையில் உண்டு. அங்கே காணும் தீங்கைப் பிள்ளை வீட்டில் வந்து கூறுமா? தடையை மீறியதற்கு முதலில் அடி விழும் என்று அஞ்சி மறைத்துவிடும்.

மற்றொன்று, பிள்ளை அறியாமல் அதன் கைப்பேசியைத் துருவி ஆராய்தல். நம் பிள்ளைக்கு நாமே ஒற்றராதல். இதனை ஒரு முறை பிள்ளை கண்டுகொண்டால், அடுத்த நாளே வேறு பெயரில் இரண்டாம் கணக்கு ஒன்று தோன்றிவிடும். வீட்டில் பெற்றோர் ஒளிந்து பார்த்தால், பிள்ளையும் ஒளித்து வைக்கவே கற்றுக்கொள்கின்றது. பார்க்க வேண்டுமாயின் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அதன் அறிவுடனேயே பார்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் கண்டிப்பே வேண்டாவோ என்று சிலர் வினவலாம். வேண்டும். நம்பிக்கை என்பது கயிற்றை அவிழ்த்துவிடுதல் அன்று. இரவு ஒன்பது மணிக்குமேல் கைப்பேசி படுக்கையறைக்குச் செல்லலாகாது என்று விதிக்கலாம். வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஒரே இடத்தில் மின்னேற்றம் பெறட்டும். அவ்விதி தந்தைக்கும் பொருந்தல் வேண்டும். சோறுண்ணும்போது தாம் திரையைப் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் கடிந்தால் எந்தப் பிள்ளை மதிக்கும்? கூகள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் போன்ற கட்டுப்பாட்டு வசதிகளையும் பயன்படுத்தலாம். ஆனால், "உன்மேல் ஐயம் கொண்டு இதனைச் செய்யவில்லை, சாலையைக் கடக்கும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டேனே, அதுபோல இது" என்று கூறிச் செய்தல் வேண்டும். காரணம் அறிந்த பிள்ளை விதியை ஏற்கும். காரணம் அறியாத பிள்ளை அதனைத் தாண்டும் வழியைத் தேடும்.

நம்பிக்கையை வளர்க்கும் முறைகளாக யாம் கருதுவனவற்றைக் கூறுகின்றோம். பெரும் படிப்போ பணமோ இவற்றிற்குத் தேவையில்லை.

முதலாவது, பிள்ளைக்கு ஓர் உறுதிமொழி தருதல். "கைப்பேசியில் உனக்கு அச்சம் தருவதோ வெட்கம் தருவதோ எது நேர்ந்தாலும் என்னிடம் வந்து சொல். நீ தவறு செய்திருந்தாலும் சொல். சொன்னதற்காக உன்னை அடிக்க மாட்டேன், கைப்பேசியைப் பிடுங்க மாட்டேன்" என்பதே அவ்வுறுதிமொழி. தந்த சொல்லை ஒரே ஒரு முறை மீறினாலும் அதன் பயன் கெட்டுவிடும். பிள்ளைகள் நம் சொல்லை அளந்து பார்க்க முதலில் சிறிய செய்தியைக் கூறிப் பார்ப்பார்கள். அச்சிறிய செய்திக்கு நாம் காட்டும் முகத்தைக் கண்டே, பெரிய செய்தியைக் கூறலாமா என்று முடிவு செய்வார்கள்.

இரண்டாவது, நாள்தோறும் பேசுதல். "பாடம் படித்தாயா? வீட்டுப்பாடம் முடித்தாயா?" என்பனவற்றோடு, "இன்றைக்கு என்ன விளையாடினாய்? யாரோடு விளையாடினாய்? எனக்கும் கொஞ்சம் காட்டு" என்றும் கேட்டுப் பாருங்கள். தான் அறிந்ததைத் தாய்க்குக் கற்பிப்பதில் பிள்ளைக்கு எவ்வளவு மகிழ்ச்சி! சென்ற ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின்போது, ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டே பெற்றோர்க்கும் பாட்டி தாத்தாமார்க்கும் கைப்பேசியின் பாதுகாப்பு அமைப்புகளைக் கற்றுத்தரச் செய்தோம். ஒரு பாட்டி பேரனின் நண்பர் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகக் காட்டி, "இவன் யாரு வீட்டுப் புள்ள? நேர்ல பார்த்திருக்கியா?" என்று கேட்கலானார். ஐந்தாவது பெயரில் பேரன் விழித்தான். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது, ஆனால், அன்று வழங்கப்பட்ட அறிவுரைகளுள் தலைசிறந்தது அதுவே. அஞ்சடியில் அமர்ந்து நம் முன்னோர் கேட்ட அதே வினா அன்றோ அது? அதனைப் பிள்ளைகளே கேட்கப் பழக்கிவிட்டால், பாட்டி அருகில் இல்லாத இடத்திலும் அவ்வினா துணை நிற்கும்.

மூன்றாவது, மறைபொருளையும் வியப்புப் பரிசையும் வேறுபடுத்திக் காட்டுதல். அம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசை மறைப்பது இன்பம். ஒரு நாளில் அது வெளிப்பட்டுவிடும். "யாரிடமும் என்றைக்கும் சொல்லாதே" என்று பெரியவர் ஒருவர் கூறினால், அதனை அன்றே வீட்டில் சொல்லிவிட வேண்டும். இதனை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கச் செய்ய இயலும்.

நான்காவது, ஆண்பிள்ளைகளை மறவாதிருத்தல். "பையனுக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்பது தவறான எண்ணம். மிரட்டலுக்கும் ஏமாற்றுக்கும் பையன்களும் ஆளாகின்றனர். அழுவது ஆணுக்கு அழகன்று என்று சொல்லி வளர்க்கப்பட்ட பையன், தன் துன்பத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துவிடுகின்றான்.

நம்பிக்கையின் பயனுக்கும் ஒரு சான்று தருவோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், விளையாட்டுக்குரிய வைரங்கள் இலவசமாகக் கிடைக்கும் என்ற இணைப்பைத் தொட்டு, தந்தையின் கைப்பேசிக்கு வந்த 6 இலக்க எண்ணையும் கொடுத்துவிட்டான். சில நொடிகளில் ஏதோ தவறு நேர்ந்தது என்று அவனுக்குப் புரிந்தது. குளித்துக்கொண்டிருந்த தந்தையின் குளியலறைக் கதவைத் தட்டி, "அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றான். தந்தை துண்டுடன் வெளியே வந்து உடனே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் செய்தார். ஒரு வெள்ளியும் போகவில்லை. அடுத்த நாள் எம்மிடம் வந்து, "பணம் போகலைங்கறது பெரிசில்ல ஐயா. கதவைத் தட்டினான் பாருங்க, அதுதான் பெரிசு" என்றார். முன்னைய பிள்ளை பதினெட்டு நாள் காத்திருந்தாள். இவன் ஒரு நிமிடமும் காத்திருக்கவில்லை. இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அறிவில் இல்லை; வீட்டார் என்ன செய்வார்கள் என்ற எண்ணத்தில்தான் இருந்தது.

தீங்கு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் அறிந்து வைத்திருத்தல் நலம். பிள்ளை கூறத் தொடங்கியதும் குறுக்கிடாது முழுமையும் கேளுங்கள். "நீ என்னிடம் சொன்னது நல்லது, இது உன் குற்றமில்லை" என்பது உங்கள் முதற்சொல்லாய் இருக்கட்டும். சினம் வரும், அதனைப் பிள்ளையின்மேல் காட்டாதீர்கள். உரையாடல்களை அழித்துவிட வேண்டா. அவை காவல் துறைக்குச் சான்றாகும். மிரட்டுவோரிடம் நீங்களே வாதாடவும் வேண்டா. பணம் அனுப்பவும் வேண்டா. தகாத படங்கள் ஏதுமிருப்பின் அவற்றை உறவினர்க்கோ புலனக் குழுவிற்கோ ஒருபோதும் அனுப்பாதீர்கள். கைப்பேசியோடு காவல் நிலையத்திற்கே கொண்டு செல்லுங்கள். தாலியான் காசே எனும் அரசாங்க உதவி எண் 15999 எந்நேரமும் உங்கள் அழைப்பை ஏற்கும். பண ஏமாற்றாயின் உடனே வங்கியையும், தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழையுங்கள். இவ்வெண்களைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் எழுதி வைத்தல் நன்று.

சட்டமும் நம் பக்கம் இருக்கின்றது. சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் அது காக்கின்றது. தீய நோக்கத்துடன் பிள்ளையிடம் பழகி வசப்படுத்துவதே அச்சட்டப்படி குற்றமாகும். அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பிள்ளையைத் தொட்டால்தான் குற்றம் என்ற நிலை மாறிவிட்டது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காதவர்க்கு 5,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கவும் அச்சட்டம் வகை செய்துள்ளது. ஆகவே, "மானம் போய்விடும், மூடி மறைத்துவிடுவோம்" என்று குடும்பத்தினர் முடிவெடுத்தல் அறமுமன்று, சட்டமுமன்று. மேலும், இணைய நிறுவனங்களுக்கே கடமைகளை விதிக்கின்ற 2025ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 சனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்துள்ளது.

இச்சட்டங்களை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். காவல் துறையோ நீதிமன்றமோ உதவ முன்வருவதற்கு, நடந்ததை எவரேனும் வெளிப்படுத்தல் வேண்டும். அதனை முதலில் அறிந்திருப்பது ஒரு பிள்ளை. அப்பிள்ளை வாய் திறந்தால்தான் மற்றனைத்தும் தொடங்கும். பிள்ளையின் வாயைத் திறப்பது சட்டத்தால் இயலாது, தாய் தந்தையரால் இயலும், ஆசிரியரால் இயலும், ஒரு பாட்டியால் இயலும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யாம் பயின்ற காலத்தில் கரும்பலகையில் எழுதும் முறையையும் பாடத்திட்டம் வகுக்கும் முறையையும் கற்றோம். இணையம் அப்போது பாடமாக இல்லை. எனினும் பிள்ளையின் முகத்தைப் படிக்கக் கற்றுத்தந்தனர். அக்கல்வி பழையதாகிவிடவில்லை. திடீரென மௌனமாகிவிட்ட பிள்ளை, காரணமின்றி வகுப்பில் உறங்கும் பிள்ளை, கைப்பேசி என்ற சொல்லைக் கேட்டதும் திடுக்கிடும் பிள்ளை, இவர்களைக் கண்டறிய நமக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அப்பிள்ளைகளை அனைவர் முன்னிலையிலும் வினவாது, தனியே அழைத்து அன்புடன் கேட்போமாக.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் கூறுகின்றோம். உங்கள் படத்தையோ, வீட்டு முகவரியையோ, மறைவெண்ணையோ கேட்பவரிடம் "முடியாது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர் எத்தனை பரிசு தந்திருந்தாலும் உரிமை உண்டு. ஒருகால் தெரியாமல் கொடுத்துவிட்டாலும் உங்கள் வாழ்வு முடிந்துவிடவில்லை. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, ஆசிரியர் ஆகியோருள் நீங்கள் நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். ஒருவர் செவி கொடுக்கவில்லையெனில் அடுத்தவரிடம் சொல்லுங்கள். எமது அலுவலகத்தின் கதவு பள்ளி நேரம் முழுவதும் திறந்தே இருக்கும். தட்ட வேண்டியதும் இல்லை.

பெற்றோர்களே! "தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்" என்பர் நம் பெரியோர். இக்காலத்தில் பிள்ளை தோளுக்கு வளரும்வரை காத்திருக்க இயலாது. இடுப்பளவு உயரத்தில் நிற்கும்போதே தோழமையைத் தொடங்கிவிடல் வேண்டும். இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் பிள்ளையை அருகில் அழையுங்கள். "கைப்பேசியில் ஏதேனும் தவறு நேர்ந்தால் முதலில் யாரிடம் சொல்வாய்?" என்று கேளுங்கள். உங்கள் பெயரைச் சொன்னால் மகிழுங்கள். வேறொருவர் பெயரைச் சொன்னால் வருந்தாதீர்கள்; அவர்க்கு நன்றி கூறுங்கள். எவர் பெயரையும் சொல்லாமல் பிள்ளை தயங்கி நின்றால், அன்றிரவே உங்கள் பணியைத் தொடங்கிவிடுங்கள்.

 நம் செல்வங்கள் அச்சமின்றி வாழ்க! அறிவுடன் வளர்க!

அன்புடன்,
தலைமையாசிரியர்